மூணு ஓர்ப்படி, ஒரே சிடி

டில்லிபாபுவுக்கு இடுப்பு விண்ணென்று தெறித்தது. துறைமுகத்தில் யூரியா மூட்டை தூக்கிய காலத்து வலி. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்தாலும் அது வேலையை விடவில்லை.

அதைவிடப் பெரிய வலி எதிரே மூன்று மேசைகளில் உட்கார்ந்திருந்தது.

இரண்டாயிரத்து ஏழு. டோல்கேட் பக்கம் ஒரு மாடியில் கார்குழலியின் கம்ப்யூட்டர் கடை. எண்ணூரில் கிரேன் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்தும் சுப்புராயன், ஏலத்தில் எடுத்த பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளில் மூன்றை மாதிரிக்கு அனுப்பியிருந்தார். சிடியைப் போட்டதும் லினக்ஸ் கிளம்ப வேண்டும். திரையில் கன்டெய்னர் ஒன்று தொங்கியபடி சுழல வேண்டும். பெட்டிகள் மூன்றும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. உள்ளே இருந்த கிராபிக்ஸ் கார்டுகள் மட்டும் மூன்று கம்பெனி. ஒவ்வொன்றையும் இயக்க அதனதன் டிரைவர் மென்பொருள் வேண்டும்.

"ஒண்ணுக்குப் போட்ற டிரைவரு இன்னொண்ணுக்கு வெசம்க்கா. மூணு ஓர்ப்படிங்கள ஒரே அடுப்புல சமைக்கச் சொல்ற," என்றான் டில்லிபாபு.

"சாயங்காலம் அந்தாளு வர்றாரு," என்றாள் கார்குழலி. "ஓடலன்னா ஆர்டரு பூடும். நான் கடைய மூடிடுவேன். நீ மறுபடியும் மூட்ட தூக்கத்தான் போவணும், பாத்துக்க."

டில்லிபாபுவின் இடுப்பு அதைக் கேட்டு இன்னொரு முறை தெறித்தது.

முதலில் மேசைக்கு ஒன்றாக மூன்று சிடி எழுதி, மேலே பேனாவால் மேசை எண் போட்டான். மூன்று திரையிலும் கன்டெய்னர் சுழன்றது.

"சுத்துதுக்கா! சுத்துது!" என்று குதித்தான். தேசப்பன் விசிலடித்தான். தேசப்பன் அவனோடு ஒரே கேங்கில் மூட்டை தூக்கியவன். தோள் எலும்பு நகர்ந்தபிறகு இந்தக் கடையில் பெட்டி துடைக்கிறான், ஒயர் செருகுகிறான்.

டில்லிபாபு கீழே போய் டீ குடித்துவிட்டு வந்து, கார்குழலியைக் கூப்பிட்டுப் பெருமையாக மறுபடி சிடிகளைப் போட்டான். ஒன்றாம் மேசையில் வெள்ளைத் திரை. இரண்டில் கறுப்பு. மூன்றில் கோடு கோடாக ஏதோ துடித்தது.

"இதான் சுத்துற லட்சணமா?"

"அக்கா, இப்போதான்... சத்தியமா சுத்துச்சுக்கா!"

பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு டிரைவராகப் போட்டுப் பார்த்து, மூன்று சிடியையும் புதிதாக எழுதினான். சுழன்றது. நிம்மதியாகக் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால், மறுபடியும் வெள்ளை, கறுப்பு, கோடு.

"சூடு ஏறுனா கார்டுக்குப் புத்தி மாறுதுக்கா. கலீஜு பய கம்பெனிங்க!"

மூன்று டிரைவரையும் ஒரே சிடியில் திணித்து, மூன்றையும் ஒன்றாகக் கிளப்பினான். இப்போது வெள்ளைத் திரைகூட வரவில்லை. பெட்டிகள் தாமே அணைந்து, தாமே கிளம்பி, மறுபடியும் அணைந்தன.

"முன்ன தல சுத்துச்சு, இப்போ பொட்டியே சுத்துது," என்றாள் கார்குழலி. "போயி ஒரு டீ குட்சிட்டு வா. மூஞ்சப் பாக்க சகிக்கல."

டீக்கடையில்தான் அவனுக்குப் பொறி தட்டியது. கிளாசைப் பாதியில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினான்.

"இனி எந்த மேசையையும் நம்ப மாட்டேன்க்கா! கெளம்பும்போதே கார்டுகிட்ட 'நீ எந்த வூட்டுப் பொண்ணு'ன்னு கேக்கட்டும். அது சொல்ற பேருக்கு ஏத்த டிரைவரு மட்டும் எந்திரிக்கட்டும். மத்த ரெண்டும் தூங்கட்டும்!"

விரல்கள் பறந்தன. சிடி சூடாக வெளியே வந்தபோது சுப்புராயன் படியேறிக்கொண்டிருந்தார்.

ஒரே சிடிதான். ஒன்றாம் மேசையில் சுழன்றது. இரண்டில் சுழன்றது. மூன்றிலும் சுழன்றது. சுப்புராயன் சிரிக்கவில்லை.

"மேசைக்கு மேசை ஏதாச்சும் செட்டப் பண்ணி வெச்சிருப்பீங்க. நான் எத்தினி டெமோ பாத்திருக்கேன்! பொட்டிய எடம் மாத்துங்க."

கார்குழலிக்கு முகம் வெளுத்தது. தேசப்பன் கண் மூடித் திறப்பதற்குள் மூன்று பெட்டிகளையும் இடம் மாற்றி ஒயர்களைச் செருகினான்.

சிடி உள்ளே போனது. கன்டெய்னர் தொங்கியது; சுழன்றது. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

"அடி சக்க!" சுப்புராயன் மேசையைத் தட்டினார். "நம்ம ஸ்கூல் முழுக்க இதான்!"

அவர் படியிறங்கியதும் கார்குழலி டில்லிபாபுவின் தோளை உலுக்கினாள். "பொட்டிய மாத்தச் சொல்வாருன்னு உனக்கு எப்பிட்றா தெரிஞ்சிச்சு?"

டில்லிபாபு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "எல்லாம் ஒரு தூரப்பார்வதான்க்கா."

தேசப்பன் துடைக்கிற துணியை உதறினான். "இன்னா மாமு தூரப்பார்வ? ஒண்ணாம் மேசையாண்டதான் ஃபேன் காத்து வருது. கேங்குல நாம முறை வெச்சு நெயல்ல நின்ன மாரி, எல்லாப் பொட்டிக்கும் காத்து படட்டும்னு நீ கீய எறங்கும்போதெல்லாம் மூணையும் நான்தான் மாத்தி மாத்தி வெச்சினு இருந்தேன். அத்த வுடு, காலைலேர்ந்து நீ மட்டுமே குட்சினு வர்ற... எனுக்கு ஒரு டீ பாக்கி கீது."