முயல் கொடுத்த மனுவும் அதன் இணைப்புகளும்

ஒரு காட்டில் ஒரு முயல் வீடு கட்டிக் குடியிருந்ததாக ஓர் ஆமை சொன்னது. ஆமை பொய் சொல்லும் பிராணி அல்ல. ஆனாலும் இதை எழுதுகிறவனுக்குப் பல வருடங்களாக இந்தக் கதையின் கடைசிப் பகுதியில் ஒரு சந்தேகம் உண்டு. கேட்டுவிட்டால் ஆமை அப்புறம் கதை சொல்ல வராதோ என்று கேட்காமலே இருந்தான். கதை இதுதான்.

முயலின் பெயர் செவியன். காட்டின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி, வீட்டைச் சுற்றி இலந்தை முள்ளால் வேலி போட்டு, வாசலில் கொள்ளு விதைத்திருந்தது. மனைவி பெயர் தும்பை. பிறந்து பத்து நாளான மூன்று குட்டிகள். பக்கத்துப் பாறையடியில் ஆமை இருந்தது. செவியனின் வீட்டுக்குள் வரும்போதெல்லாம், "என்ன குளுமை, என்ன குளுமை" என்று சொல்லும்.

ஒரே ஒரு தொல்லை, செந்நாய்கள். காலையில் அவை மானைத் துரத்தினால் மான் கொள்ளுக்குள் புகும், பின்னாலேயே எட்டுச் செந்நாய்கள் புகும். குட்டிகளை வெயில் காயக்கூட வெளியே விட முடியவில்லை.

ஒருநாள் ஒரு மான் வாசலிலேயே விழுந்தது. வேட்டையில் விழுந்த மிருகத்தின் ஒரு பின்னந்தொடை, அது விழுந்த நிலத்துக்காரருக்குச் சேர வேண்டும் என்பது அந்தக் காட்டின் பழக்கம். செந்நாய்கள் தொடையைத் தேக்கிலையில் சுற்றி, வேலி வாசலை அடைக்கும் படலடியில் வைத்தன.

"நாங்க புல்லுத் தின்னுறவங்க" என்றது செவியன்.

"அது உங்க வசதி, வீட்டுக்காரரே. எங்களுக்கு முறை தப்பக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தலைவன் செந்நாய் போய்விட்டது.

"இதையே ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்க. கண்ணால பார்த்தாத்தான் நம்புவாங்க" என்றது தும்பை.

எல்லை அலுவலகம் ஒரு புளியமரப் பொந்தில் இருந்தது. செவியன் டோக்கன் வாங்கி, பெயர்த் திருத்தத்துக்கு வந்திருந்த ஒரு முள்ளம்பன்றிக்குப் பின்னால், போதிய இடைவெளி விட்டு நின்றது. மரநாய் ஒன்று மனுக்களை வாங்கிக்கொண்டிருந்தது.

"குடியிருப்பைச் சுத்தி நூறு தப்படிக்குள்ள வேட்டை கூடாதுன்னு விதி இருக்கே, சார்" என்றது செவியன்.

"இருக்கு. ஆனா தடை உத்தரவைக் கதவுல ஒட்டின பிறகுதான் அது நடைமுறைக்கு வரும். மனு?"

"இந்தாங்க."

"இணைப்பு?"

செவியன் ஆதாரத்தை மேஜைமேல் வைத்தது. மரநாய் தேக்கிலையை விலக்கிப் பார்த்தது, முகர்ந்தது, உள்ளே எடுத்துக்கொண்டு போனது. சற்று நேரம் கழித்து மீசையைத் துடைத்தபடி வந்தது.

"இணைப்பு சரியா இருக்கு. மனு பதிவாயிடுச்சு."

ஆதாரத்தைப் பத்திரப்படுத்திவிட்டார்கள் என்று செவியன் நிம்மதியாக வீடு திரும்பியது.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது மரநாய், "மனு ரெண்டாவது மேஜைக்குப் போகணும். புது இணைப்பு வேணும்" என்றது.

"முன்ன கொடுத்தது?"

"அது இப்ப இல்லை."

அந்த வாரம் பார்த்து வேட்டையே நடக்கவில்லை. விடிந்ததும் செவியன் வேலியோரம் வந்து நின்று காது கொடுத்துக் கேட்கும். வெறும் குயில் சத்தம்தான். ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் செந்நாய்களின் இருப்பிடத்துக்கே போய், தூரத்தில் நின்றபடி கூப்பிட்டது.

"என்னங்க, இந்தப் பக்கமே காணோம்?"

"நீங்க எங்க மேல மனுப் போட்டிருக்கிறதாச் சொன்னாங்களே" என்றது தலைவன் செந்நாய்.

"அது வேற, இது வேற. நீங்க வந்தாத்தானே மனு நகரும்?"

தலைவன் செந்நாய் யோசித்துப் பார்த்தது. "நியாயம்தான்" என்றது.

செவியன் இரண்டு பங்கு கொள்ளு விதைத்தது. மான்கள் சிரமப்படாமல் வர வேலியில் ஒரு வழி வெட்டிவிட்டது. போகிற வருகிறவர்களிடம் எல்லாம் கொள்ளு நன்றாக வந்திருப்பதாகச் சொன்னது. பலன் கிடைத்தது. மனு இரண்டாவது மேஜையைத் தாண்டியது, மூன்றாவதையும் தாண்டியது.

ஒரு திங்கட்கிழமை காலை படலடியில் இருந்த பொட்டலம் சிறியதாக இருந்தது. தும்பை அதைப் பிரித்து முகர்ந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"இது எங்க அண்ணன் பையன்."

செவியன் பொட்டலத்தின் இலையை மறுபடி மூடியது.

"கொள்ளு விளைஞ்சிருக்குன்னு அவன்கிட்டயும் சொன்னீங்களா?"

"எல்லார்கிட்டயும்தான் சொன்னேன்."

செவியனுக்குக் கண் கலங்கியது. ஆனால் அலுவலகத்தில் பன்னிரண்டு மணிக்கு மேல் இணைப்பு வாங்கமாட்டார்கள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியது.

திரும்பி வந்தபோது வீடு காலியாக இருந்தது. வாசலில் ஆமை மட்டும் இருந்தது.

"பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுத் தாய்வீட்டுக்குப் போயிடுச்சு தம்பி. உத்தரவு கதவுல ஏறின அன்னைக்கு என்னை வந்து சொல்லச் சொல்லியிருக்கு. அதுவரை வராதாம்."

"முத்திரை மட்டும்தான் பாக்கி, ஆமையண்ணே. இன்னும் ஒரே ஒரு இணைப்பு."

"அவ்வளவுதானா?" என்று கேட்டது ஆமை.

ஆனால் அந்தப் பக்கம் இப்போது எதுவும் மேய வருவதில்லை. விஷயம் காடு முழுக்கப் பரவியிருந்தது. வியாழக்கிழமை காலை செந்நாய்கள் வந்தன, வெட்டிவிட்ட வழியாக உள்ளே நுழைந்தன, கொள்ளுக் காட்டைச் சுற்றிப் பார்த்தன. வீட்டு வாசலில் செவியன் நின்றிருந்தது.

"ஒண்ணும் இல்லையே, வீட்டுக்காரரே" என்றது தலைவன் செந்நாய்.

"நூறு தப்படிக்குத் தடை வரப்போகுது" என்றது செவியன்.

"வந்திருச்சா?"

"முத்திரை போடணும்."

"அப்ப இன்னும் வரலை" என்றது தலைவன் செந்நாய். அது மரியாதையாகத்தான் சொன்னது.

பிறகு முறை தப்பாமல், நிலத்துக்காரரின் பங்கைத் தேக்கிலையில் சுற்றிப் படலடியில் வைத்துவிட்டுப் போயின.

நான்காம் நாள், முத்திரை குத்திய தடை உத்தரவு கதவில் ஒட்டப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீட்டைச் சுற்றி நூறு தப்படிக்குள் ஒரு வேட்டையும் நடந்ததில்லை. செந்நாய்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. தும்பைக்குத் தகவல் சொல்ல ஆமை இன்னும் கிளம்பவில்லை. வெயில் தணியட்டும் என்று செவியனின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

போன மாதம் அந்த வீட்டுக் குளுமையில் உட்கார்ந்து இதே கதையை மறுபடி கேட்டபோது, எழுதுகிறவன் கேட்டேவிட்டான்: "ஆமையண்ணே, இணைப்பு இல்லாம மனு நகராது. செவியன் இல்லை, தும்பையும் இல்லை. அந்தக் கடைசிப் பொட்டலத்தை ஆபீசுக்குக் கொண்டுபோனது யாரு?"

நீதி: முறைப்படி மனுக் கொடுத்தால் வீடு கட்டாயம் காப்பாற்றப்படும், ஆகவே பக்கத்து வீட்டுக்காரரோடு நல்லபடியாக இருங்கள்.