கும்பகோணம் என்பதற்கு ஆதாரம் இல்லை

வளைகுடாவிலுள்ள அல் ஐன் நகரத்தில், வெயில் நாற்பத்தாறு டிகிரி அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நீலாவுக்கும் உமாபதிக்கும் ஆண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு கிராம். முகிலன் என்று பெயர் வைத்தார்கள். குழந்தை பிறந்திருக்கிறது என்பதில் ஆஸ்பத்திரிக்குச் சந்தேகமில்லை. பிறப்புச் சான்றிதழ் கொடுத்தவர்களுக்குச் சந்தேகமில்லை. பக்கத்து ஃபிளாட் ஃபவாஸ் குடும்பத்துக்கு, சுவர் வழியாகக் கேட்ட அழுகையில், துளியும் சந்தேகமில்லை. அது எந்த நாட்டுக் குழந்தை என்பதில்தான் சிக்கல்.

சிக்கலுக்குக் காரணம், உமாபதி ஓர் அமெரிக்கன். பார்த்தால் தெரியாது. அலுமினிய ஜன்னல் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகர் வேலை. மத்தியானம் டப்பாவில் தயிர்சாதம், தொட்டுக்கொள்ள மாவடு. இருந்தாலும் அமெரிக்கன். அவன் அப்பா பத்மநாபன் அமெரிக்காவில், ஓஹாயோ மாநிலத்தில் வேலை பார்த்தபோது அங்கே பிறந்து, பதினாறு வயதும் நாலு மாதமும் ஆகும்வரை அங்கேயே வளர்ந்தவன். இப்படியே விட்டால் பையன் அமெரிக்கனாகிவிடுவான் என்று பயந்துபோய் பத்மநாபன் குடும்பத்தோடு கும்பகோணத்துக்குத் திரும்பிவிட்டார். பையனின் பாஸ்போர்ட்டை ஒரு தடவை பிரித்துப் பார்த்திருந்தால் அந்தப் பயம் எவ்வளவு தாமதமாக வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

நீலாவுக்கு இந்த நாட்டுப் பஞ்சாயத்தெல்லாம் அக்கறையில்லை. அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். பதினோரு வாரத்தில், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை, தங்கை தன்யாவுக்கு மன்னார்குடியில் கல்யாணம். மாப்பிள்ளை ஷ்யாம், டல்லாஸில் இருக்கிறவன், அவனும் அமெரிக்கப் பிரஜை. அம்மா போனபோது தன்யாவுக்குப் பன்னிரண்டு வயது. தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலில் கஞ்சி ஊட்டியது எல்லாம் நீலாதான். அந்தக் கல்யாணத்தில் மணப்பெண் பக்கத்தில் தான் நிற்கவில்லையென்றால், தான் இத்தனை வருஷம் அக்காவாக இருந்ததற்கே அர்த்தமில்லை என்று அவள் நினைத்தாள். பால்குடிக் குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியாது. குழந்தைக்குப் பாஸ்போர்ட் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

"என்னங்க, எனக்குத்தான் இந்திய பாஸ்போர்ட் இருக்கே. பிள்ளைக்கும் அதையே எடுத்துடலாம். சட்டுன்னு வேலை முடிஞ்சிடும்" என்றாள்.

உமாபதி அவளை இரக்கத்தோடு பார்த்தான். "நீலா, ஒரு அமெரிக்கனோட பிள்ளை. நாளைக்கு விசா க்யூவுல நிக்கணும்னு அவன் தலையெழுத்தா? நூத்தியெண்பது நாட்டுக்கு நினைச்ச நேரத்துல போகலாம். அந்த பாஸ்போர்ட்டோட மதிப்பு உனக்குத் தெரியாது."

அவனுக்குத் தெரியும். கம்பெனி முதலாளி யார் வந்தாலும் அவனைக் கூப்பிட்டு, "இவர் எங்கள் அமெரிக்கர்" என்று அறிமுகப்படுத்துவார். உமாபதி சிரித்துக்கொண்டு நிற்பான். அந்தச் சிரிப்பும் அவன் வேலையில் ஒரு பகுதி. கும்பகோணத்தில் பத்மநாபனோ ஒருபடி மேலே போய், அமெரிக்கப் பேரன் பிறந்திருக்கிறான் என்று தெருவெல்லாம் மைசூர்பாகு கொடுத்து முடித்திருந்தார். இதற்கப்புறம் பேரனை மாற்றினால் மைசூர்பாகைத் திரும்ப வாங்கவா முடியும்? நீலா விட்டுக்கொடுத்தாள். பதினோரு வாரம் இருக்கிறதே என்று நினைத்தாள், பாவம்.

குழந்தை அமெரிக்கன்தானா என்று முடிவு செய்கிற அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே சொல்வதற்கில்லை. சொல்ல வேண்டுமானால் அதற்கும் ஒரு படிவம் இருக்கும். ரொம்பச் சுத்தமான அலுவலகம். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் மார்த்தாண்டத்துக்காரர் பிஜு உட்கார்ந்திருந்தார். தமிழ் முகத்தைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார். கூட ஒரு வார்த்தை வேண்டாம், கேட்டீங்களா?" என்றார். உமாபதி தலையாட்டினான். அதோடு அந்த அறிவுரை அவன் மண்டையை விட்டுப் போய்விட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி அம்மாள். இங்கிலீஷில் நடந்த பேச்சைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"வலது கையை உயர்த்துங்கள். உண்மையை மட்டுமே சொல்வேன் என்று உறுதி கூறுகிறீர்களா?"

"கூறுகிறேன்."

"தாயார் கர்ப்பமாக இருந்தபோது எடுத்த புகைப்படங்கள்?"

நீலா விழித்தாள். பக்கத்து ஃபிளாட் ஃபவாஸ் குடும்பத்து இஃப்பத் எட்டு மாத வயிற்றோடு பாலைவனத்துக்குப் போய், பத்து கஜ சிவப்பு கவுன் காற்றில் பறக்க, ஒட்டகத்தோடு படம் எடுத்துக்கொண்டவள். அது ஃபேஷன் என்று நீலா சிரித்திருந்தாள். ஆவணம் என்று யாராவது சொன்னார்களா?

"எங்க வழக்கத்துல எடுக்க மாட்டோம் மேடம். திருஷ்டி பட்டுடும்."

"எந்தத் துறையின் தடை அது?"

"துறையில்லை. பக்கத்து வீட்டுக்காரங்க."

அதிகாரி அம்மாள் அதைப் பரிவோடு குறித்துக்கொண்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை ஏற்றுக்கொண்டார். பிறகு முக்கியமான விதிக்கு வந்தார். பிரஜையாகிய தகப்பனார் ஐந்து வருஷம், அதிலே பதினான்கு வயதுக்குப் பின் இரண்டு வருஷம், அமெரிக்க மண்ணில் உடலளவில் இருந்திருக்க வேண்டும். உடலளவில் மட்டும். மனசு எங்கே இருந்தது என்று படிவத்தில் கேள்வியில்லை. இருந்திருந்தால் பத்மநாபன் குடும்பத்தில் ஒருத்தர்கூடத் தேறியிருக்க மாட்டார்.

போய்வந்த முத்திரைகள் இருந்த உமாபதியின் பழைய பாஸ்போர்ட்டைப் பத்மநாபன் பத்திரமாகப் பூஜை அலமாரியில் வைத்து, கரையானுக்குக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பள்ளி நடந்த மாதங்களுக்கு அது சாட்சி. விடுமுறைக்கு? அதற்குத்தான் பத்மநாபன் கும்பகோணத்திலிருந்து கூரியரில் அனுப்பிய இரண்டு ஆல்பங்கள். எல்லாப் படத்திலும் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி இருந்தது.

அதிகாரி அம்மாள் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு அடுக்காகப் பிரித்தார். பிரித்து முடித்து, கால்குலேட்டரைத் தட்டி, புன்னகை செய்தார்.

"நல்ல செய்தி. இரண்டு கோடை விடுமுறையிலும் நீங்கள் அமெரிக்காவில்தான் இருந்திருக்கிறீர்கள். தெளிவாகத் தெரிகிறது. நடுவில் நான்கு முறை மட்டும், சனி ஞாயிறில் இந்தியா போய் வந்திருக்கிறீர்கள். அதைக் கழித்தாலும் போதுமான நாட்கள் இருக்கின்றன."

நீலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பட்டுப்புடவையை ஐயர்ன் பண்ணக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"மேடம்," என்றான் உமாபதி, "ஒரு சின்னத் திருத்தம்."

நீலா அவன் தொடையைக் கிள்ளினாள். ஜன்னலில் பிஜு எழுந்தே நின்றுவிட்டார். ஆனால் கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணியவன் வாயை யார் மூடுவது?

"நீங்க இந்தியான்னு வச்சதெல்லாம் அமெரிக்கா. அமெரிக்கான்னு வச்சதெல்லாம் கும்பகோணம்."

அதிகாரி அம்மாள் ஒரு படத்தை எடுத்துக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். வேட்டி கட்டி, விபூதி பூசி, வெற்றுடம்போடு ஒரு பையன். பக்கத்தில், வீட்டு ஹாலுக்குள், ஒரு பசு.

"இது ஓஹாயோ என்கிறீர்களா?"

"ஆமா மேடம். எங்க கிரகப்பிரவேசம். பக்கத்துப் பண்ணையிலேர்ந்து பசுவை வேன்ல கூட்டிட்டு வந்தோம்."

"நான் பிறந்ததே ஓஹாயோவில்தான். அங்கே பசு வீட்டுக்குள் வராது."

"எங்க வீட்டுக்குள்ள வந்தது மேடம்."

அடுத்த படம் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அதே பையன். அதுவும் ஓஹாயோ, அங்கே கோயில் இருக்கிறது என்றான் உமாபதி. அதற்கடுத்தது பேஸ்பால் தொப்பி, நம்பர் போட்ட பனியன், கறுப்புக் கண்ணாடி, நீளமான ஒரு கார்மேல் சாய்ந்து நிற்கிற பையன்.

"இது?"

"கும்பகோணம். சித்தப்பாவோட கார்."

"ஏன் இந்த உடை?"

"ஊர்ல எல்லாரும் அமெரிக்காலேர்ந்து வந்த பையனைப் பார்க்க வருவாங்க. வேட்டியில நின்னா அவங்களுக்கு ஏமாத்தமாயிடும்."

"ஓஹாயோவில் வேட்டி ஏன்?"

"நம்ம பண்பாட்டை மறந்துடக் கூடாதுன்னு அப்பா கட்டிவிடுவார். பொங்கல், தமிழ்ச்சங்கம், கோயில்னா மட்டும்தான் கேமராவே வெளியே வரும்."

அதிகாரி அம்மாள் இரண்டு அடுக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "அதாவது, அமெரிக்காவில் இருக்கும்போது இந்தியராகவும், இந்தியாவில் இருக்கும்போது அமெரிக்கராகவும் இருந்தீர்கள்."

"எல்லாருமே அப்படித்தான் மேடம். ஆனா கோடை ரெண்டையும் கழிச்சாலும் பதினாலு வயசுக்கப்புறம் ரெண்டு வருஷமும் ஒன்பது நாளும் வருது. நேர்மையாவே தகுதி இருக்கு."

"இந்தப் படம் கும்பகோணம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?"

"நான்தான் சொல்றேனே."

"மனுதாரரின் வாய்மொழி ஆதாரமாகாது" என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். "ஆனால் உங்கள் வாக்குமூலம் உங்கள் ஆதாரத்துக்கு முரணாக இருக்கிறது. ஆகவே மனு மறுபரிசீலனைக்குப் போகும்."

"எத்தனை நாளாகும்?" நீலா கேட்டாள்.

"ஆகும் வரை" என்றார் அதிகாரி அம்மாள், மிகுந்த மரியாதையோடு.

வெளியே வரும்போது பிஜு தலையில் அடித்துக்கொண்டார். "கெடைச்சத வாங்கிட்டுப் போவாம, என்ன வேல சார் செஞ்சீங்க?"

கார் அல் ஐனுக்குள் நுழையும்போது நீலா வெடித்தாள். "கல்யாணமாகி நாலு வருஷத்துல என்கிட்ட ஒருநாளாவது இப்படி உண்மை பேசியிருக்கீங்களா? 'சைட்ல இருக்கேன்'னு சொல்லிட்டு டீக்கடையில நிப்பீங்க. அங்க போய்த்தானா சத்தியசந்தனாகணும்?"

"பிரமாணம் எடுத்தேன், நீலா."

"தாலி கட்டும்போதும்தான் எடுத்தீங்க!"

உமாபதி கார் ஏசியைக் கொஞ்சம் கூட்டினான்.

ஒரு வாரம், மூன்று வாரம், ஏழு வாரம் ஓடியது. முகிலன் குப்புற விழப் பார்த்தான், ஆளைப் பார்த்துச் சிரித்தான், இன்னும் எந்த நாட்டையும் சேராமல் இருந்தான். தன்யா தினமும் போன் போட்டு, "அக்கா, வந்துடுவேல்ல?" என்று கேட்டாள். நீலா தினமும், "வராம எங்கடி போறேன்?" என்றாள். சொல்லிவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, புதன்கிழமை காலை, கூரியர் வந்தது. உள்ளே நீலநிறப் பாஸ்போர்ட். கூடவே ஒரு கடிதம். "மனுதாரர் தமக்கெதிராக அளித்த வாக்குமூலம் போதிய ஆதாரமின்மையால் நிராகரிக்கப்படுகிறது. மேற்படி கோடைக்காலங்களில் மனுதாரர் அமெரிக்காவிலேயே உடலளவில் இருந்தார் என்பதில் இவ்வலுவலகம் முழுத் திருப்தி அடைகிறது." இப்படியாக, கும்பகோணத்தில் சித்தப்பா கார்மேல் சாய்ந்து நின்ற புண்ணியத்தில், முகிலன் அமெரிக்கனானான். உமாபதி கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "அந்த ஒன்பது நாளே போதும்னு கடைசிவரை அவங்க ஒத்துக்கலையே" என்று குறைப்பட்டுக்கொண்டான்.

நீலா அவனைக் கவனிக்கவில்லை. பெட்டி நான்கு நாளாகக் கட்டித் தயாராக இருந்தது. லேப்டாப்பைத் திறந்து டிக்கெட் எடுக்கப் போனாள். அங்கேதான் அந்தக் கேள்வி வந்தது. பயணி இந்தியரா? இல்லை, பயணி அமெரிக்கர். அமெரிக்கர் இந்தியா வர விசா வேண்டும். விசா மனுவைப் பயணத்துக்கு நான்கு நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமையைத் தேதிக் கட்டத்தில் எத்தனை தடவை அழுத்தினாலும் அது சாம்பல் நிறத்திலேயே இருந்தது. உதவி எண்ணைக் கூப்பிட்டாள்.

"வெளிநாட்டவர் எல்லாருக்கும் விதி ஒண்ணுதான் மேடம்" என்றது ஒரு பெண் குரல்.

"வெளிநாட்டவர் என் மடியில பால் குடிச்சிட்டு இருக்கார்ம்மா!"

"வாழ்த்துக்கள் மேடம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

நூற்றியெண்பது நாடுகளுக்கு நினைத்த நேரத்தில் போகக்கூடியவன் மன்னார்குடிக்கு மட்டும் போக முடியாதவனானான். நீலா லேப்டாப்பை மூடினாள். உமாபதி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தை நீலா சமையலறை மேடையில், சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்த போனில் பார்த்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். எதிரே யாருமில்லாமல் அட்சதையைப் போன்மேல் போட்டாள். அரிசி அடுப்பங்கரையெங்கும் சிதறியது. மண்டபத்தில் போன் கை மாறிக்கொண்டே இருந்தது. எல்லோரும் "அமெரிக்கக் குட்டி எங்கே, அமெரிக்கக் குட்டியைக் காட்டு" என்றார்கள். அவளை எப்படி இருக்கிறாய் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. தாலி ஏறும்போது கெட்டிமேளத்தில் முகிலன் விழித்துக் கத்தினான். நீலாவும் கூடச் சேர்ந்து அழுதாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் தன்யாவே கூப்பிட்டாள். மாலையைக்கூடக் கழற்றவில்லை, கண் மை கரைந்திருந்தது.

"அக்கா…"

"அழாதடி. நல்லா இருப்பே. பக்கத்துல இல்லாம போயிட்டேனே, என்னை மன்னிச்சிடு."

"அது இல்லக்கா. ஷ்யாமோட வக்கீல் டல்லாஸ்லேர்ந்து பேசினார். என் விசாவுக்கு எங்க கல்யாணம் நிஜக் கல்யாணம்தான்னு நாங்க நிரூபிக்கணுமாம். கூடப் பிறந்த ஒரே அக்கா ஒரு போட்டோவுலகூட இல்லேன்னா பொய்க் கல்யாணம்னு சந்தேகப்படுவாங்களாம். நீ வர முடியாமப் போனதுக்கு ஆதாரம் கேட்கிறார். இன்னிக்கு நீ அங்கேதான் இருந்தேன்னு ஏதாவது… தேதியோட… அனுப்புறியாக்கா?"

நீலா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்கப் போனாள்.

"துடைக்காதே!" என்றான் உமாபதி. போனை வாங்கி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். "தேதி தெரியற மாதிரி பிடி. அப்படியே அழு. வருத்தம் உண்மைதான்னு அவங்க நம்பணும்."

நீலா காலண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். படம் நன்றாக வரவில்லை என்று இன்னொன்று எடுத்தார்கள்.