இருநூற்று நாற்பது கசிவுகளும் ஒரு மேக்ரோவும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் என் மகளும் அங்கே சௌக்கியம் என்று நம்புகிறேன். ஃபோன் செய்தால் அவள்தான் எடுப்பாள், அதனால் மெயில். அவள் கண்ணில் படாமல் படிக்கவும்.

கட்டடக் கசிவு பார்க்கும் எங்கள் கம்பெனியில் என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னொரு வருடம் நீட்டுவதா வேண்டாமா என்பது வெள்ளிக்கிழமை நான் காட்டப்போகும் ஸ்லைடுகளைப் பொறுத்தது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இருநூற்று நாற்பது படங்கள், ஸ்லைடுக்கு ஒன்று. ஃபோல்டரைக் காட்டினால் போதும், படங்கள் தாமாகப் போய் உட்காரும் என்று நீங்கள் மேக்ரோ என்ற குட்டி நிரல் எழுதி அனுப்பினீர்கள். உட்கார்ந்தன, ஒரே ஸ்லைடில், ஒன்றின் தலைமேல் ஒன்றாக. தப்பு உங்களுடையதல்ல. முப்பது வருடம் அறிக்கைகளில் அநாவசிய வரிகளை வெட்டிப் பழகிய என் கை, புது ஸ்லைடு சேர்க்கும் வரியையும் வெட்டிவிட்டது. மேலே ஒரு படம்தான் தெரிந்தது. மீதி வரவில்லை என்று நினைத்துப் பதினோரு தடவை ஓட்டினேன். கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது.

வரியைத் திரும்ப ஒட்டினால் அடுத்த வம்பு. தலைப்புகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக வர, படங்களோ ஒன்றுக்கு அடுத்து பத்து, அப்புறம் நூறு, எல்லாம் முடிந்து நிதானமாக இரண்டு என்று வந்தன. 'பழுது முழுமையாக நீங்கியது' என்ற தலைப்புக்குக் கீழே கூரை ஓட்டையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. "நீங்கினதே இப்படின்னா, நீங்காதது எப்படி சார் இருக்கும்?" என்றார் மேனேஜர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கம்ப்யூட்டர் பெயர்களை எழுத்தெழுத்தாகப் பார்த்துத்தான் வரிசை வைக்குமாம். அதனால் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் 001, 002 என்று பெயர் மாற்றினேன். நேற்று ஓட்டினால், நாலே நிமிஷம், எல்லாம் அதனதன் இடத்தில். மேனேஜர் அசந்துபோய், "யார் சார் எழுதினது?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "நான்தான் சார், சும்மா எழுதிப் பாத்தேன்" என்று சொல்லித் தொலைத்தேன். திங்கட்கிழமை எல்லாருக்கும் நானே சொல்லித்தர வேண்டுமாம். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் எழுதி சனிக்கிழமைக்குள் அனுப்பவும். விஷயம் நம் இருவருக்குள்ளேயே இருக்கட்டும்.

நீங்கள் இருவரும், உங்கள் கம்ப்யூட்டரும், நோய்நொடியில்லாமல் நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் வேண்டாம். அனுப்பாமல் வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை ஆபீஸ் போய்வந்தேன். ஸ்லைடுகள் பிரமாதமாக ஓடின, எல்லாரும் கைதட்டினார்கள், எனக்குத்தான் அது உடம்பில் ஒட்டவில்லை. எழுந்து நின்று, "இதை எழுதினது என் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்தன்றுகூட நான் உங்களைப் பற்றி இவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை. அது என் குறைதான். மேனேஜர் ஃபோல்டரைத் திறந்து படங்களின் பெயர்களைப் பார்த்தார். பிறகு, "அப்ப அத்தனை படத்துக்கும் பேர் மாத்தினது?" என்றார். "அது நான்" என்றேன். "அந்தப் பொறுமைதான் சார் எங்களுக்கு வேணும்" என்று ஒரு வருடம் நீட்டிவிட்டார். திங்கட்கிழமை பத்து மணிக்கு நீங்கள் வந்து பாடம் எடுப்பதாக உங்களைக் கேட்காமலே வாக்குக் கொடுத்திருக்கிறேன். லீவு போட்டுவிட்டு மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். முதல் வரிசையில் நோட்டும் பேனாவுமாக நான் உட்கார்ந்திருப்பேன்.