மீன் டின் இருக்குமிடம்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். எட்ட உட்கார்ந்து பாதிக் கதையைக் கேட்டுவிட்டு, மீதிக் கதை எங்கே போச்சுன்னு என்னைக் கேட்கக் கூடாது. இது இடம் மாறிப்போனவர்களின் கதை.

ஒரு பெரிய கடை. பன்னிரண்டு வரிசை ரேக்குகள். ஏழாம் வரிசையில் ஒரு பக்கம் மீன் டின், எதிர்ப்பக்கம் தண்ணீர் பாட்டில். அதை அடுக்கித் துடைத்துப் பார்த்துக்கொண்டவளைக் கடையில் எல்லாரும் 'ஏழாவது அக்கா' என்பார்கள். அவள் கூடப்பிறந்தவர்கள் இரண்டே பேர். பதினோரு வருஷம் ஒரே வரிசையில் நின்றதில் ஒட்டிக்கொண்ட பேர் அது. வீட்டுக்காரர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு போய், படுக்கையில் கிடந்தார். அக்கா வேலைக்குப் போனால்தான் அவருக்கு மருந்து.

அந்தக் கடைக்கு நாகரிகம் வந்தது. அதுவரை ரேக்கில் காகிதத்தில் எழுதி விலை ஒட்டுவார்கள். அதைக் கிழித்துவிட்டு, உள்ளங்கை அளவில் கண்ணாடி முகம் வைத்த விலை அட்டைகளை மாட்டினார்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு குட்டி ரேடியோ. "நான் இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்" என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். கூரையில் மாட்டிய பெட்டிகள் அதைக் கேட்டு, தலைமை அலுவலகத்து வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைக்கும். எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்று அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம். அதிகாரிகளுக்கு வேறென்ன வேண்டும்?

இதற்கென்றே 'இடநிலை உறுதி அதிகாரி' என்று ஒருவரை நியமித்தார்கள். அந்தப் பதவி யார் வாயிலும் நுழையவில்லை. மேப் சார் என்று சுருக்கிக்கொண்டார்கள்.

ரேடியோ அலைக்கு ஒரு குணம் உண்டு. தகரத்தில் பட்டால் பந்து மாதிரித் துள்ளித் திரும்பும். தண்ணீரில் பட்டால் சோர்ந்து படுத்துவிடும். ஏழாம் வரிசையில் இரண்டும் எதிரும் புதிருமாக நின்றன. முதல் வாரமே, மீன் டின் அட்டை மேனேஜர் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்பதாக வரைபடம் காட்டியது.

குறிப்பாணை வந்தது: "மேற்படி அட்டை தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தைவிட்டு முன் அனுமதியின்றி அகன்றுள்ளது கவனத்திற்கு வந்துள்ளது. பொறுப்பான பணியாளர் உரிய விளக்கம் அளிக்க வேண்டும். மூன்றாவது குறிப்பாணைக்குப் பின் பணியில் நீடிக்க இயலாது."

அக்கா மேப் சாருக்கு போன் போட்டாள்.

"சார், அட்டை எங்கயும் போகல. இங்கதான் ரேக்குல இருக்கு."

"எப்படிச் சொல்றீங்க?"

"கண்ணால பாத்துத்தான் சார்."

"உங்க கண்ணுக்குச் சான்றிதழ் இருக்காம்மா? எங்க பெட்டிக்கு இருக்கு."

அக்காவுக்கு அப்படி எதுவும் வாங்கிய ஞாபகம் இல்லை. போனை வைத்தாள். மறுநாளே இரண்டாவது குறிப்பாணை வந்தது.

அன்று அவள் மேனேஜரிடம் போனாள். வரைபடம் எந்த இடம் சொல்கிறதோ அந்த இடத்துக்கே டின்களைத் தூக்கிப் போய்விட்டால் யாருக்கும் வம்பில்லையே என்று கேட்டாள். மேலிடத்தைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார் அந்த மேனேஜர். கேட்டார். மேப் சார் பூரித்துப்போனார். வரைபடமும் கடையும் ஒத்துப்போகவில்லை என்றால் கடையைத் திருத்துவதுதானே முறை? அன்று மாலையே 'சரக்கு இசைவாக்கத் திட்டம்' பிறந்துவிட்டது.

மீன் டின்களும் அட்டையும் மேனேஜர் அறைக்குப் போயின. அவரைச் சுற்றி ஆளுயரத்துக்குத் தகரம். தகரம் போன இடத்தில் சும்மா இருக்குமா? மறுநாள் காலை, அட்டை மாடிப்படியில் இருக்கிறது என்றது புள்ளி. படிக்குக் கொண்டுபோனார்கள். அதற்கடுத்த நாள் பெண்கள் கழிப்பறை வாசல். அக்கா தள்ளுவண்டியில் டின்களை ஏற்றிக்கொண்டு புள்ளிக்குப் பின்னால் ஓடினாள்.

வாங்க வந்தவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். அப்புறம் பழகிக்கொண்டார்கள். அதற்கும் அப்புறம் அவர்களுக்குப் பெருமையே வந்துவிட்டது. எங்கள் கடையில் மீன் டின்னை லேசில் கண்டுபிடிக்க முடியாது என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். எதிர்க்கடைக்காரனிடம் அட்டையும் இல்லை, வரைபடமும் இல்லை. காலத்துக்கு ஏற்ப நடக்க வேண்டாமா என்று அவனும் சோப்பைத் தூக்கி மாடிப்படியில் வைத்தான். வியாபாரம் ஏறியது. அந்தப் படியில் சோப்புக்கு நானும் வரிசையில் நின்றேன். சிரிக்காதீங்க, எனக்குப் பின்னால் நின்றது நீங்கதான்.

ஒருநாள் அக்கா வண்டியைத் தள்ளிப் போய்ச் சேர்வதற்குள் புள்ளி வேறு இடத்துக்குத் தாவிவிட்டது. மூன்றாவது குறிப்பாணை தயாரானது. பதினோரு வருஷத்து ஆளை விசாரணை இல்லாமல் அனுப்ப விதியில் இடமில்லை. அதனால் மேப் சாரே நேரில் வந்தார். அவர் கழுத்திலும் அதே மாதிரி ரேடியோ வைத்த ஒரு அட்டை தொங்கியது. இனி ஊழியர்கள் எல்லாருக்கும் அட்டை, முதல் அட்டை எனக்கு என்று முன்மாதிரியாக மாட்டிக்கொண்டிருந்தார்.

விசாரணை சம்பவ இடத்தில், சம்பவம் நடந்தபடியே நடக்க வேண்டும் என்றார். ஏழாம் வரிசையில் மேசை போட்டார்கள். டின்களைப் பழையபடி அடுக்கச் சொன்னார். அக்கா அடுக்கினாள். சார் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் தாராளமாகவே அடுக்கினாள். முதுகுப்பக்கம் தண்ணீர் பாட்டில்களை நெருக்கி வைத்தாள்.

அவர் குற்றச்சாட்டை வாசிக்கத் தொடங்கியதும் போன் அடித்தது. தலைமை அலுவலகம். விசாரணை நேரத்தில் நீங்கள் கடைக்குப் பின்னால் குப்பைத்தொட்டிப் பக்கம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். தான் ஏழாம் வரிசையில் இருப்பதாக மேப் சார் சொன்னார். வரைபடம் அப்படிச் சொல்லவில்லையே என்றார்கள். அவர் மேசையைத் தட்டிப் பார்த்தார். தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"சார், நான் என் கண்ணால பாக்கறேன். இங்கதான் இருக்கேன்."

அக்கா ஒரு பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"உங்க கண்ணுக்குச் சான்றிதழ் இருக்கா சார்?"

மேப் சார் கணக்குப் போட்டுப் பார்த்தார். வரைபடம் தப்பு என்றால் அவர் எழுதிய குறிப்பாணையெல்லாம் தப்பு, அவர் பதவியே தப்பு. வரைபடம் சரி என்றால் அவர் குப்பைத்தொட்டிப் பக்கம் இருக்கிறார். படித்தவர் அல்லவா? எழுந்து குப்பைத்தொட்டிக்கு நடந்தார். பாவம், நின்றுகொண்டிருப்பாரே என்று அக்கா நாற்காலியைப் பின்னாலேயே தூக்கிப் போனாள்.

"விசாரணை அதிகாரி சம்பவ இடத்தில் இல்லாமையால் விசாரணை செல்லாது" என்று ஆணை வந்தது. அக்காவுக்கு வேலை தப்பியது. மேப் சாரின் அலுவலகம் குப்பைத்தொட்டிப் பக்கமே அமைந்தது. தொட்டிகளும் தகரம். அவர் அங்கே உட்கார்ந்ததும் புள்ளி குளிர்பதன அறைக்குத் தாவியது. அவரும் பின்னாலேயே போனார்.

ஊழியர்கள் எல்லாருக்கும் அட்டை வந்தது. அக்கா ஏழாம் வரிசையில் நின்றால் வரைபடம் அவளை மொட்டைமாடியில் காட்டியது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. பில் போடுகிற தங்கச்சியை மேனேஜர் அறையில் வரைபடம் தெரிகிற திரை முன்னால் உட்காரவைத்து, அட்டையைக் கடை முழுக்கச் சுமந்து நடந்தாள். டீ குடிக்கிற அறையில் கதவுக்குப் பின்னால் ஒரு இடம். அங்கே அட்டையைப் பிடித்தால் புள்ளி அச்சாக ஏழாம் வரிசையில் போய் நின்றது. அங்கே ஒரு ஆணி அடித்தாள். காலையில் வந்ததும் அட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, ஏழாம் வரிசைக்குப் போய் வேலையைப் பார்த்தாள்.

ஒரு மாதத்தில் மற்றவர்களும் ஆளுக்கொரு ஆணி கேட்டு வந்தார்கள். மேனேஜரும் கேட்டார். கடையில் ஒரு புள்ளிகூட நகரவில்லை என்று தலைமை அலுவலகம் மகிழ்ந்து, 'இடம் பெயராப் பணியாளர்' என்று அக்காவுக்கு ஒரு சான்றிதழ் அனுப்பியது. அதையும் டீ அறையில் ஒரு ஆணியில் மாட்டினாள்.

ஒருநாள் மேப் சார் அந்த அறை வாசலில் வந்து நின்றார். குளிரில் மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா, நான் என் நாற்காலியில இருக்கற மாதிரி காட்டணும்னா இதை எங்க மாட்டணும்?"

அக்கா அவர் அட்டையை வாங்கிச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டே வந்தாள். அங்கேதான், அங்கேதான் என்று தங்கச்சி திரை முன்னாலிருந்து குரல் கொடுத்தாள். அது சான்றிதழ் தொங்கிய ஆணி. அக்கா சான்றிதழைக் கழற்றிவிட்டு அதில் அவர் அட்டையை மாட்டினாள். சான்றிதழை முந்தானையால் ஒரு துடை துடைத்து, "இதை உங்க கண்ணுக்கு வெச்சுக்குங்க சார்" என்று அவர் கையில் கொடுத்துவிட்டு, டின் அடுக்கப் போனாள்.