'இருந்தாலும்' என்று நிறுத்திக்கொண்ட மைத்துனருக்கு

போன மாதம் வரை பாசம் குறையாத மைத்துனருக்கு அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். அங்கே நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன்.

'அங்கே' என்று எழுதும்போதே வயிறு எரிகிறது. பதினெட்டு வருடம் நான் குழாயும் வாஷ்பேசினும் க்ளோசெட்டும் விற்ற தரைத்தளக் கடைதானே அந்த அங்கே! நான் காலி செய்த மறுவாரமே 'டியூப்லைட்' அதை வாடகைக்கு எடுத்தான். எதைச் சொன்னாலும் அரை நிமிடம் கழித்துத்தான் புரியும் என்று நாம் இருவரும் சேர்ந்து பெயர் வைத்தவன், என்னிடம் சரக்கெடுத்துத் தொழில் கற்றவன். எடுக்கட்டும். காலியான இடத்தை எவனும் எடுப்பான். ஆனால் அந்தக் கடையில், என்னிடம் இருந்தபோது உட்கார்ந்த அதே மூலையில், இப்போது அவனுக்காக நீ உட்கார்ந்திருக்கிறாய். திரும்பி வா என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன்.

நான் சைக்கிளில் வாஷர் விற்று மேலே வந்தவன். வாடிக்கையாளர் வாயைத் திறந்தால் போதும், மனசில் இருப்பது எனக்குத் தெரிந்துவிடும். 'வீட்ல கேட்டுட்டு வரோம்' என்றால் வரமாட்டார்கள். 'கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கு' என்றால் விலை தூக்கல். 'நல்லாத்தான் இருக்கு' என்றால் பேசாமல் அந்தச் சரக்கை உள்ளே வைத்துவிட்டு வேறு காட்டு என்று உனக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். 'வேண்டாம்' என்று நேராகச் சொல்கிறவர் நூற்றில் ஒருவர். அவர்தான் கடைசியில் வாங்கிக்கொண்டு போவார். இவ்வளவு தெரிந்த எனக்கு, கடையை முதல் மாடிக்கு மாற்றப் போகிறேன் என்று உங்களைக் கூட்டி வைத்துச் சொன்ன அன்று காது அடைத்துப்போனது.

நினைத்துப்பார். கணக்குப்பிள்ளை, லிப்ட் இருக்கிறதா என்று கேட்டார். அதை நான் கேள்வி என்று நினைத்து, கட்டடக்காரர் மூன்று மாதத்தில் போட்டுத் தருவார் என்று விளக்கம் வேறு சொன்னேன். லோடுமேன்களின் மேஸ்திரி, முதலாளி சொன்னால் சரிதான் என்று சுவரிடம் சொன்னார். உன் அக்கா, 'எனக்கென்ன தெரியும்' என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்ன ஒரு காரியமும் உருப்பட்டதில்லை. அன்றைக்கு மட்டும் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. நீ, 'நல்ல யோசனைதான் அத்தான், இருந்தாலும்...' என்றாய். நான், அப்படியானால் முடிந்தது என்று எழுந்துவிட்டேன். உன் வாயிலிருந்து எத்தனை நூறு 'இருந்தாலும்' கேட்டிருப்பேன், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூட நின்று கேட்டதில்லை. நீ பேச்சை முடிக்கிற விதமே அதுதான் என்று இருந்துவிட்டேன்.

மாடியில் நடந்ததை டியூப்லைட் உனக்குச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பான். என் வாயாலும் கேள். முப்பத்திரண்டு படி, முதல் நாள் நான்கு க்ளோசெட் ஏறியது, ஐந்தாவது பாதியில் மனம் மாறித் தானே இறங்கிவிட்டது, மறுநாள் மேஸ்திரிக்கு முதுகுவலி, அதற்கு மறுநாள் எல்லா லோடுமேன்களுக்கும் முதுகுவலி, சரி சரக்குதான் ஏறவில்லை, ஆளாவது ஏறுவார்கள் என்று பார்த்தால், வீடு கட்டுகிறவர்கள் அப்பா அம்மாவைக் கேட்காமல் ஒரு குழாய்கூட வாங்குவதில்லை, அந்த அப்பா அம்மாவுக்கு முட்டிவலி, மூச்சிரைக்க ஏறி வந்து உட்கார இடம் தேடி, காட்சிக்கு வைத்த க்ளோசெட்டுகளில் வரிசையாக உட்கார்ந்துவிடுகிறார்கள், அடுத்து வருகிறவருக்குக் காட்ட என்னிடம் காலி க்ளோசெட் இல்லை, லிப்ட் எங்கே என்று கட்டடக்காரரைக் கேட்டால் பண்ணிடலாம் பண்ணிடலாம் என்கிறார், லிப்டுக்கு விட்ட இடத்தில் அவர் மகனுடைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று கணக்குப்பிள்ளையிடம் கத்தினேன். லிப்ட் இருக்கா என்று கேட்டேனே, அதற்குமேல் எப்படிச் சொல்வது என்கிறார். உன் அக்கா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "கீழ்க்கடைய ஒரு வருஷம் விடாம வச்சுக்கிட்டு மாடியப் பார்க்கலாம்னு தம்பி சொல்ல வந்தான். நீங்கதான் எழுந்து போயிட்டீங்க."

அதை அன்றைக்கே தொண்டையைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன? திட்டியிருப்பேன். என் திட்டு உனக்குப் புதிதா? வேலையை விட்டதையாவது ஒழுங்காகச் சொன்னாயா? 'ரெண்டு நாள் வர முடியுமான்னு தெரியல அத்தான்' என்றாய். காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் டியூப்லைட் கடை வாசலில் நீ ஒரு கொத்தனாருக்குக் குழாய் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அந்த மாத்திரையை எனக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

போகட்டும். மாடியை மூடிவிடுகிறேன். பின் தெருவில் தரைத்தளத்தில் ஒரு இடம் பார்த்திருக்கிறேன். உன் கண் இல்லாமல் எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. தைரியம் இல்லை என்று நான் எழுதிக்கொடுக்கிற முதல் ஆள் நீதான். வந்து பார். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். முடியாது என்றால் முடியாது என்று என் முகத்துக்கு நேரே சொல். எழுந்து போகமாட்டேன். கோபப்படமாட்டேன்.

உன் மனைவியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் நன்றாக இருக்கட்டும். டியூப்லைட்டுக்கு வாழ்த்து ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நீயே போன் செய்துவிட்டாய். அக்கா விஷயத்தைச் சொல்லிவிட்டாளாம். 'நான் வரல அத்தான். எனக்கு விருப்பமில்ல' என்றாய். மேலே ஏதாவது வரும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. பெரியவனிடம் பேசுகிற பேச்சா இது? மேலே எழுதியிருப்பதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். 'யோசிச்சு சொல்றேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்கு என்ன குறைந்திருக்கும்? இன்னும் ஒரு மாதம் நீ வருவாய் என்று நம்பிக்கொண்டாவது இருந்திருப்பேன்.