ஒட்டகம் கடித்த கம்பளம்

"உங்க வீட்டுத் தரைக்குக் குளிராதா?"

இப்படி ஒரு கேள்வியை நாத்தனார் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டாள். கேட்டுவிட்டு, வெறும் சிமெண்டுத் தரையில் படாமல் இரண்டு பாதங்களையும் சோபாவின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தையல்காரி சட்டைக்குப் பொத்தான் வைக்கும்போதும் திரைச்சீலைக்கு ஓரம் அடிக்கும்போதும் அந்தக் கேள்வி வந்து ஊசி முனையில் உட்கார்ந்துகொள்ளும்.

நாத்தனார் வீட்டில் கம்பளம் உண்டு. கையால் முடிச்சுப் போட்டு நெய்த நூறு வயசுக் கம்பளம். வருகிறவர்கள் அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கடிபட்டிருக்கும். அதைக் காட்டி முடிக்காமல் யாருக்கும் காபி வராது.

"ஒட்டகம் கடிச்சது. அந்தக் காலத்துல இதெல்லாம் பாலைவனம் தாண்டித்தான் வரும்."

"பாவம், என்ன பசியோ" என்று தையல்காரியின் புருஷன் ஒரு தடவை சொல்லிவைத்தான். அக்கா தம்பியோடு ஒரு மாதம் பேசவில்லை.

அந்த நாத்தனார் வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போன் செய்திருந்தாள். திங்கட்கிழமை காலையிலேயே தையல்காரி கம்பளக் கடையில் போய் நின்றாள். நாத்தனார் வாங்கிய அதே கடை.

கடைக்காரர் காதோடு ரகசியம் சொல்வதுபோலப் பேசுகிற மனிதர். அடுக்கி வைத்திருந்த கம்பளங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"முன்பக்கம் பாத்து மயங்காதீங்கம்மா. திருப்பிப் பாருங்க. முடிச்சு ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது இருக்கா? அதுதான் கை வேலை. குஞ்சம் தனியா வச்சுத் தைச்சிருக்கக் கூடாது. உள்ள ஓடுற நூலே வெளிய வந்து தொங்கணும். ஓரம் ரொம்ப நேரா இருந்தா கிட்டயே போகாதீங்க."

தையல்காரி ஓரத்தைத் தடவினாள். கோணல்தான். பதினெட்டு வருஷமாக மிஷின் மிதிக்கிறவளுக்கு அது கண்ணை உறுத்தியது.

"இதுக்கு என்ன வயசு?"

"இது அறுபது. சுவரோரமா இருக்கறது எல்லாம் நூறு."

"அறுபதுன்னா பளிச்சுன்னு இருக்கே?"

"நல்ல வீட்டுல இருந்தது. எடுத்துட்டுப் போங்க. கம்பளத்தைக் கடையில பாத்து வாங்கக் கூடாது, வீட்டுல போட்டுப் பாக்கணும். ஒரு வாரம் இருக்கட்டும். பிடிக்கலைன்னா வேன் வந்து எடுத்துக்கும். ஒரு பைசா வேண்டாம்."

இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்டுத்தான் அவள் வந்ததே. ஞாயிற்றுக்கிழமை கம்பளம் நாத்தனார் கண்ணில் பட வேண்டும். மறுநாள் வேன் ஏற வேண்டும். அவ்வளவுதான் திட்டம். வாங்குகிற வக்கு அவளுக்குக் கிடையாது.

"அப்ப அந்த நூறு வயசையே குடுங்களேன்."

"அதெல்லாம் முடிஞ்சதும்மா. போட்டுப் பாக்க அனுப்பறதில்ல." கடைக்காரர் ஒரு நோட்டை எடுத்தார். "வீட்டுல குழந்தைங்க உண்டா?"

"ரெண்டு." இதனால் தராமல் போய்விடுவாரோ என்று அவளுக்குப் பகீரென்றது.

"நல்லது. நாய்?"

"இல்ல."

அவர் முகம் கொஞ்சம் வாடியதுபோல இருந்தது.

"பரவால்ல. காபி, டீ எல்லாம் ஹால்லயேதான குடிப்பீங்க?"

"ஜாக்கிரதையா இருந்துக்கறோம்."

"எதுக்கு? நிம்மதியா குடிங்க. ஓடி ஆடி நடங்க."

இவ்வளவு பெருந்தன்மையான வியாபாரியை அவள் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலமே கம்பளம் ஹாலில் விரிந்தது. சிவப்புப் பின்னணியில் வெள்ளைப் பூக்கள். புருஷன் சோபா நுனியில் உட்கார்ந்து, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு காபி குடித்தான். அந்த நேரம் பார்த்துச் சின்னது "அப்பா" என்று பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது.

காபி போய் விழுந்த இடம் நட்ட நடு வெள்ளைப் பூ.

"நான் அசையவே இல்ல" என்றான் புருஷன். "டம்ளர்தான் அசைஞ்சுது."

தையல்காரி ஈரத்துணியை எடுத்துத் துடைத்தாள். உள்ளங்கை அளவு இருந்த கறை தட்டு அளவு ஆயிற்று. இன்னும் அழுத்தித் துடைத்தாள். தாம்பாளம் அளவு ஆயிற்று.

"விட்டுடு. இப்படியே போனா சுவர் வரைக்கும் வந்துடும்" என்றான் அவன்.

அவள் விடவில்லை. மறுநாள் குளியலறையில் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டுக் கும்மினாள். காபிக் கறை போய்விட்டது. கூடவே சிவப்பும் கிளம்பி, பூக்களுக்குள் புகுந்து, அத்தனை வெள்ளைப் பூவும் கண்வலி வந்ததுபோல இளஞ்சிவப்பாகி அவளைப் பார்த்தன.

மொட்டைமாடிச் சுவரில் காயப்போட்டாள். இரண்டு நாள் நல்ல வெயில். எடுத்துவந்து விரித்ததும் பெரியவள் சொன்னாள்: "அம்மா, இது ரெண்டு கம்பளமா?"

வெயில் பட்ட பாதி வெளுத்திருந்தது. சுவரின் நிழல் பக்கம் இருந்த பாதி அப்படியே இருந்தது. நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல ஓர் எல்லை.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அறுபது வருஷம் யாரோ கண்ணும் கருத்துமா வச்சிருந்தாங்க. நம்மகிட்ட நாலு நாள் தாங்கல."

"உள்ளதைச் சொல்லிடலாம்" என்றான் புருஷன்.

"சொல்லிட்டு? மிஷினை வித்தாக்கூட இதோட குஞ்சத்துக்குக் காணாது."

அந்த மிஷின் ஓடினால்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம்.

இரண்டு பாதியையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர ஒரு வழிதான் தோன்றியது. பெரிய அண்டாவில் டீத்தூள் கொதிக்கவைத்து, வடிகட்டி, பழைய துணியால் கம்பளம் முழுக்க ஒற்றி ஒற்றி எடுத்தாள். கோடு மறைந்தது. சிவப்பும் மறைந்தது. பூவும் ஏறக்குறைய மறைந்தது. வெற்றிலைப் பல்லின் நிறத்தில் ஒரு வஸ்து ஹாலில் கிடந்தது.

மிச்சம் இருந்தது குஞ்சம். துவைத்ததில் சிக்குப் பிடித்திருந்தது. சீப்பால் வாரினாள். வாரியபோது ஏறுக்குமாறாக நின்றது. ஏறுக்குமாறைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்காது. கத்திரியை எடுத்து இடப்பக்கம் நறுக்கினாள். வலப்பக்கம் நீளமாகத் தெரிந்தது. அதை நறுக்கினாள். இப்போது இடப்பக்கம் நீளம். புருஷன் வந்து கையைப் பிடித்தபோது, குஞ்சம் விரல் நகம் அளவுக்கு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நாத்தனார் வந்தாள்.

சுருட்டி ஒளித்து வைக்கலாம் என்றால், "அத்தை, எங்க வீட்டுல கம்பளம் இருக்கு" என்று சின்னது போனிலேயே சொல்லித் தொலைத்திருந்தது. நாத்தனார் வாசலிலேயே நின்றாள். கண்ணாடியை எடுத்து மாட்டினாள். மண்டியிட்டு மூலையைத் திருப்பிப் பார்த்தாள். முடிச்சுகளைத் தடவினாள். முகர்ந்துகூடப் பார்த்தாள்.

நாத்தனார் எழுந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்க பிடிச்சே இதை?"

"அண்ணி..."

"இந்த நிறத்தை இன்னைக்கு எவனாலயும் கொண்டுவர முடியாது. குஞ்சத்தைப் பாரு, தேஞ்சே போயிருக்கு. எத்தனை தலைமுறை நடந்திருக்கணும்." குரல் இறங்கிவிட்டது. "என்னோடதை விட இது பழசும்மா."

புருஷனுக்கு இருமல் வந்தது. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் நாத்தனார் தையல்காரியை "ம்மா" போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. அதுமட்டுமில்லை, நாத்தனார் சோபாவில் உட்கார்ந்து இரண்டு காலையும் கம்பளத்தின் மேல் வைத்துக்கொண்டாள்.

அந்தச் சுகம் காபி ஆறும் வரைகூட நிலைக்கவில்லை. வாசல் மணி அடித்தது. நரைத்த மீசையோடு கடையின் வேன்காரர் நின்றார்.

"நாளைக்குத்தான் வரணும். இந்தப் பக்கமா வந்தேன். போட்டுப் பாத்தது போதுமாம்மா? எடுத்துக்கட்டுமா?"

நாத்தனார் மெதுவாகக் கால்களைத் தூக்கிக்கொண்டாள்.

"ஓ. இரவலா?" என்றாள். அந்த ஒரு சொல்லை மிட்டாய்போல வாயில் வைத்துச் சப்பினாள்.

தையல்காரிக்கு மானம் போயிற்று. இனி மிஷினும் போகும். மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அண்ணே, கம்பளம் கெட்டுப்போச்சு. காபி கொட்டிட்டுது. துவைச்சேன், வெளுத்துட்டுது. டீத்தண்ணி போட்டேன். குஞ்சத்தையும் வெட்டிட்டேன். முதலாளிகிட்ட நானே வந்து சொல்லிக்கறேன்."

வேன்காரர் குனிந்து கம்பளத்தைப் பார்த்தார். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் நடந்து பார்த்தார்.

"டீ நீங்களே போட்டதா? திட்டுத் திட்டா இல்லாம வந்திருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுருட்டத் தொடங்கினார்.

"நல்ல காலம், நான் இரவல் வாங்கி விரிக்கிறவ இல்ல" என்றாள் நாத்தனார், அவரைப் பார்த்து. "நூறு வருஷத்துப் பொருள். உங்க கடையிலதான் முழு விலை குடுத்து எடுத்தேன். ஒட்டகம் கடிச்ச அடையாளம் மூலையில அப்படியே இருக்கு."

வேன்காரர் சுருட்டலைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வாசற்படியில் திரும்பினார். பழைய சிநேகிதனைப் பற்றி விசாரித்தாற்போல அவர் முகம் மலர்ந்தது.

"அட, அது உங்ககிட்டயா இருக்கு? ஒட்டகம் இல்லம்மா, பல் டாக்டர் வீட்டு நாய். அதுவும் இதே மாதிரி புதுசா கிளம்பி, மூணு வீடு போட்டுப் பாக்கப் போய், நாலாவதா அங்க போச்சு. நாய் கடிச்சு வந்த அன்னைக்குத்தான் முதலாளி நூறுன்னு சீட்டு ஒட்டினார். இந்தம்மா அந்த நூறை ஒரே வீட்டுல முடிச்சுட்டாங்க."

நாத்தனார் இரண்டு பாதங்களையும் வெறும் தரையில் வைத்தாள். கைப்பையை எடுத்தாள். ஆறிய காபியைத் தாண்டி, தம்பியைத் தாண்டி, வேன்காரரைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.