முகர்ந்து வாங்குகிறவர்

பழைய பொருள் வாங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. தெரிந்து வாங்குகிறவர்கள், முகர்ந்து வாங்குகிறவர்கள். முதல் வகையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். இரண்டாம் வகையைக் காரைக்குடியில் எந்தப் பழைய சாமான் கடையிலும் நீங்கள் பார்க்கலாம். செம்பைச் சுண்டிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்பார், கதவுப் பலகையை முகர்ந்து கண்ணை மூடுவார், கடைக்காரர் அறுபது வருஷம் என்றால் எண்பது என்று திருத்துவார், திருத்திய இருபது வருஷத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு வருவார். கடைக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

மரிய ஆனந்த் இதில் தேர்ந்தவர். மானகிரியில் கணக்கு வாத்தியார். அவர் வீட்டுக் குளியலறைக்கு மேலே இருந்தது ஓட்டை விழுந்த தென்னங்கீற்று. மழைக்காலத்தில் மனைவி ஆரோக்கிய ஷீலா ஒரு கையில் குடையும் ஒரு கையில் செம்புமாகக் குளித்தார். அதற்குக் கான்கிரீட் போடச் சீட்டுக் கட்டி ஆறாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். ஐப்பசி மழைக்குள் போட்டாக வேண்டும்.

அது 1999 ஆவணி. ஊரில் நாராயண் பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார். அமெரிக்காக்காரர்கள் கம்ப்யூட்டரிலேயே ஏலம் விடுகிறார்கள் என்று ஆனந்துக்குக் காட்டியதும் அவர்தான். இப்படிப்பட்ட ஒருவருக்கு அதைக் காட்டலாமா?

ஏலப் பொருள் ஓர் அட்டை. அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் சிகரெட் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்த, கிரிக்கெட் ஆட்டக்காரர் படம் அச்சிட்ட அட்டை. டாலரைச் சிங்கப்பூரிலிருந்து மச்சினன் இமானுவேல் கிரெடிட் கார்டில் கட்டிவிடுவார். அட்டை அவர் விலாசத்துக்குப் போகும். ரூபாயை ஆனந்த் இங்கே மாமியாரிடம் கொடுத்துவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

அரைநாள் லீவு போட்டுவிட்டுக் காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தார். படம் மேலிருந்து கீழாக இறங்கியது. தொப்பி வர ஒரு நிமிஷம். மீசை வர இன்னொன்று. முழுசாக வந்ததும் ஆனந்த் மானிட்டருக்கு அருகே மூக்கைக் கொண்டுபோனார். சூடான தூசி வாசனை.

"பழசுதான்."

"சார், இங்குட்டுப் பாருங்க. அடியில ரீபிரிண்ட்னு போட்டிருக்கான்" என்றார் நாராயண்.

"அதான் தம்பி விசேஷமே. நம்ம பாடப் புத்தகத்துல பாத்ததில்லையா? முதல் பதிப்பு, மறுபதிப்பு, திரும்ப ஒரு மறுபதிப்புன்னு வரிசையாப் போட்டிருப்பான். வெலபோகாததை எவனாச்சும் திரும்ப அடிப்பானா?"

நாராயண் யோசித்தார். அந்த வாதத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. இருநூறு பிரதி அச்சடித்து நூற்றெண்பதைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் கவிஞர்களைக் கேட்டாலும் ஆனந்த் சொன்னதுதான் சரி என்பார்கள்.

ஏலம் மூன்று டாலரில் தொடங்கியது. எங்கோ ஒருவர் ஐந்து என்றார். ஆனந்த் பத்து. அவர் இருபது. ஆனந்த் நாற்பது.

"விடமாட்டேங்கிறான் பாத்தீகளா? வெவரம் தெரிஞ்ச ஆளு."

அந்த ஆளும் அங்கே யாரிடமோ இதையே சொல்லிக்கொண்டிருந்திருப்பார். நூற்று நாற்பதில் ஆனந்த் ஜெயித்தார். ஆறாயிரம் ரூபாய். கூரை.

"கூரைக்கு வச்சிருந்ததையா எடுத்துக் குடுத்தீக?" என்றார் ஷீலா.

"கூரை வெல ஏறுமா? இது ஏறும் ஷீலா."

"ஏறட்டும். மழை பெய்யயில அதைத் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டுக் குளிக்கவா? எம்புட்டு அகலம் இருக்கும்?"

ஆனந்த் இரண்டு விரலை அகட்டிக் காட்டினார். "தீப்பெட்டி அகலம்."

மூன்று வாரம் கழித்து நாராயண் வீட்டுக்கே வந்தார். அட்டையை விற்ற அமெரிக்காக்காரர் அதே அட்டையை நூறு நூறாகக் கட்டி, கட்டு பத்து டாலர் என்று போட்டிருக்கிறார். அதே தொப்பி, அதே மீசை.

"பாத்தீகளா, நான் வாங்கினதும் கெராக்கி கூடிப்போச்சு" என்றார் ஆனந்த். வாய்தான் அப்படிச் சொன்னது. கணக்கு வாத்தியாரின் மூளை பத்தை நூறால் வகுத்துவிட்டது. அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. ஷீலா குடையை எடுத்து வெயிலில் விரித்து வைத்தார். ஏசியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சிங்கப்பூரிலிருந்து போன்.

"அத்தான், அட்டை வந்துருச்சு. கேக்கவே கூச்சமா இருக்கு. இதை நானே வச்சுக்கிறட்டுமா? நீங்க குடுத்த பணம் அம்மாகிட்ட அப்படியேதான் இருக்கு, வாங்கிக்கங்க."

அது பத்துக் காசு பெறாது என்று ஆனந்த் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இத்தனை வருஷம் முகர்ந்த மூக்குக்கு என்ன மரியாதை? சொல்லாவிட்டால் மச்சினன் தலையில் கட்டிய பாவம். இமானுவேலின் குரல் பக்கத்தில் நின்ற ஷீலாவுக்கும் கேட்டது. அவர் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார்.

"டேய் இமானு, ஏமாந்துறாத. அதைக் கட்டுக் கட்டா விக்கிறானாம். கட்டுக்கு நூறுடா, பத்தே டாலரு."

"ஒனக்கு என்னக்கா தெரியும்? பின்னாடி மறுபதிப்புன்னு அவனே அச்சடிச்சிருக்கான். சும்மாவா திரும்ப அடிப்பான்? மோந்துகூடப் பாத்துட்டேன்."

ஷீலா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். மேற்கே கறுத்திருந்தது. தம்பியிடம் ஒரு தடவை சொல்லியாகிவிட்டது.

"சரிடா. பத்திரமா வச்சுக்க."

மழைக்கு ஒரு வாரம் முன்பே கான்கிரீட் போட்டு முடிந்தது. அடைமழையில், உள்ளே குடையில்லாமல் குளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, ஆனந்த் தாழ்வாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். பார்ப்பவருக்குக் கூரையைப் பார்த்துத் திருப்திப்படுவதாகத் தோன்றும். அவர் நினைத்ததோ வேறு: மச்சினன் அவ்வளவு ஆசைப்பட்டான் என்றால் அந்த அட்டையில் ஏதோ இருக்கிறது. இருநூறு டாலர் கேட்டிருக்கலாம்.

இமானுவேல் இப்போது அந்த அட்டையை முந்நூறு டாலருக்குக் குறைந்து தருவதில்லையாம். சும்மா ஒரு தகவலுக்குத்தான். இருநூற்றைம்பதுக்குக் கேட்டுப் பார்த்தால் என்ன என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியிருந்தால், வீட்டில் கூரைக்கென்று வைத்திருக்கும் பணத்தை இன்றைக்கே வேறு யார் கையிலாவது கொடுத்துவிடுங்கள்.